லாகோஸ் நகரத்தின் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நைஜீரியாவின் லாகோஸ் பற்றித் தமிழில் தேடினால் மக்கள்தொகை, டிராஃபிக், ஆஃப்ரோபீட்ஸ் இசை ஆகியவைதான் கிடைக்கின்றன. ஊர் எப்படி வந்தது என்பது குறைவு. இங்கே வழக்கமாக எழும் கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: என் பார்வையில் லாகோஸின் வரலாறு பெரும்பாலும் "இந்த மணல் யாருடையது?" என்ற தகராறுதான். பதில்கள் அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும்.

லாகோஸ் தீவா, கரையா?

இரண்டும். நைஜீரியாவின் தென்மேற்கு மூலையில் ஒரு பெரிய காயல் அட்லாண்டிக்கில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. பழைய ஊர் லாகோஸ் தீவு. அதைச் சுற்றி இடோ, இகோயி, விக்டோரியா தீவு என்று சிறு நிலத்துண்டுகள். இதில் இடோ, இகோயி எல்லாம் சதுப்பைத் தூர்த்துத் தூர்த்து இன்று தீவு என்றே தெரியாத அளவுக்கு ஒட்டிக்கொண்டன. மக்களில் பெரும்பாலோர் இருப்பது வடக்கே, உள்ளூர்க்காரர்கள் "மெயின்லேண்ட்" என்று சொல்லும் கரைப்பகுதியில். அங்கிருந்து தீவுக்கு வேலைக்குப் போக மூன்று பாலங்கள். ஊரின் அன்றாடப் புலம்பல்களில் பாதி அந்த மூன்று பாலங்களைப் பற்றியது.

முதலில் அங்கே குடியிருந்தவர்கள் யார்?

யொரூபா மக்களின் ஒரு பிரிவான அவோரிகள். ஓகுன் ஆற்றங்கரையில் உள்ள இஷேரி என்ற ஊரிலிருந்து தெற்கே இறங்கி, எபுத்தே மெத்தாவுக்கும், பிறகு இடோ தீவுக்கும் வந்தார்கள் என்பது மரபுக் கதை. அவர்களின் தலைவர் ஒலோஃபின். தன் பிள்ளைகளுக்கு அவர் சுற்றுவட்டார நிலங்களைப் பங்கு பிரித்துக் கொடுத்தாராம். அந்த வழியில் வந்தவர்கள்தான் "இடேஜோ" எனப்படும் நிலத்தலைவர்கள். வெள்ளைத் தொப்பி அணிவதால் வெள்ளைத் தொப்பித் தலைவர்கள் என்றும் சொல்வார்கள். அரொமிரே, ஒலுவா, ஒனிரு போன்ற குடும்பப் பெயர்கள் இன்றும் லாகோஸ் நிலப் பத்திரங்களில் அடிபடுகின்றன. இவர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருவார்கள்.

லாகோஸ் தீவில் அரொமிரே மிளகுத் தோட்டம் போட்டிருந்தார். அந்த இடத்தில்தான் பின்னாளில் மன்னரின் அரண்மனை எழுந்தது. அதன் பெயரான இகா இடுங்கான்ரான் என்பதிலேயே அந்த மிளகுத் தோட்டம் இருக்கிறது.

பெனின் அரசுக்கும் லாகோஸுக்கும் என்ன தொடர்பு?

16-ஆம் நூற்றாண்டில் கிழக்கே இருந்த பெனின் பேரரசு காயலோரம் படைமுகாம் போட்டது. (இது இன்றைய நைஜீரியாவுக்குள் இருக்கும் பெனின் நகரத்து அரசு. பக்கத்து நாடான பெனின் குடியரசோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) உள்ளூர்க்காரர்கள் ஊரை அழைக்கும் எக்கோ என்ற பெயர் பெனின் மொழியில் முகாமைக் குறிக்கும் சொல் என்கிறார்கள் ஒரு சாரார். தோட்டத்தைக் குறிக்கும் யொரூபாச் சொல்லின் திரிபு என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டு தரப்புக்கும் அரசியல் காரணம் உண்டு, ஆகவே இந்த வழக்கு சீக்கிரம் தீராது.

பெனின் மன்னரின் ஆதரவோடு அஷிபா என்பவர் தலைமைக்கு வந்தார். லாகோஸ் மன்னர்களான ஓபாக்களின் வம்சம் அவரிலிருந்து தொடங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை லாகோஸ் பெனினுக்குக் கப்பம் கட்டியது. இதன் விளைவு ஒரு விநோதமான ஏற்பாடு: அரியணை ஒரு குடும்பத்துக்கு, நிலம் வேறு குடும்பங்களுக்கு. ஓபா ஆள்வார், ஆனால் மண் அவருடையது அல்ல. 1861-ல் இது பெரிய சிக்கலாக வெடித்தது.

போர்த்துகீசியர்தான் ஊரை உண்டாக்கினார்களா?

இல்லை. 1472 வாக்கில் ருய் தெ செக்கெய்ரா இந்தக் கரையோரம் வந்தார். லாகோஸ் என்ற பெயர் அவர்கள் மொழியிலிருந்து வந்தது. அவ்வளவுதான். ஊரைக் கட்டியவர்கள் அவர்கள் அல்லர்.

அடிமை வியாபாரத்தில் லாகோஸின் பங்கு என்ன?

ஆரம்பத்தில் சிறியது, கடைசியில் மிகப் பெரியது. 18-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்தக் கரையின் முக்கிய அடிமைத் துறைமுகம் மேற்கே இருந்த வீடா. 1760-கள் வாக்கில் ஓபா அகின்செமோயின் போர்த்துகீசிய வியாபாரிகளை லாகோஸுக்கு அழைத்தார். அரண்மனைக் கூரைக்கு அவர்கள் ஓடு கொண்டுவந்து கொடுத்ததாகச் சொல்வார்கள்.

பிறகு உள்நாட்டில் ஓயோ என்ற யொரூபாப் பேரரசு சிதைந்தது. யொரூபா ஊர்கள் ஒன்றோடொன்று பல ஆண்டுகள் போரிட்டன. போரில் பிடிபட்டவர்கள் காயல் வழியாக லாகோஸுக்கு வந்தார்கள். 1807-ல் பிரிட்டன் தன் குடிமக்களுக்கு இந்த வியாபாரத்தைத் தடைசெய்த பிறகுதான் லாகோஸ் உச்சத்துக்குப் போனது என்பது கசப்பான உண்மை. பிரேசிலின் பாஹியாவுக்கும் கியூபாவுக்கும் கப்பல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. தீவின் முகத்துவாரத்தில் இருந்த ஆபத்தான மணல்மேடும் உள்ளே இருந்த காயலும், பிரிட்டிஷ் ரோந்துக் கப்பல்களுக்குத் தண்ணி காட்ட வசதியாக இருந்தன.

அப்படி 1822-ல் லாகோஸில் கப்பலேற்றப்பட்ட பையன்களில் ஒருவன் அஜாயி. பிரிட்டிஷ் கடற்படை அந்தப் போர்த்துகீசியக் கப்பலை மறித்து அவனைச் சியரா லியோனில் இறக்கியது. பின்னாளில் சாமுவேல் அஜாயி குரௌதர் என்ற பெயரில், 1864-ல், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயர் ஆனவர் அவர்தான்.

1851-ல் பிரிட்டிஷார் லாகோஸைத் தாக்கியது அடிமை முறையை ஒழிக்கவா?

பாடநூல் பதில் ஆம். என் பதில்: அதுவும் ஒரு காரணம், ஆனால் தனியாக நிற்காது.

அரண்மனைக்குள் ஒரு பங்காளிச் சண்டை இருந்தது. 1841-ல் அகிதோயே ஓபா ஆனார். 1845-ல் அவருடைய அண்ணன் மகன் கொசோகோ அவரைத் துரத்திவிட்டு அரியணை ஏறினார். அகிதோயே வடக்கே உள்ள அபெயொகுத்தாவுக்கும் பிறகு மேற்கே கடலோரத்தில் உள்ள பதாக்ரிக்கும் போய், அங்கிருந்த மிஷனரிகள் வழியாகப் பிரிட்டிஷாரிடம் பேசினார்: என்னைத் திரும்ப உட்கார வையுங்கள், அடிமை வியாபாரத்தை நிறுத்துகிறேன் என்று. இவரும் முன்பு அதே வியாபாரத்தில் இருந்தவர்தான்.

தூதர் ஜான் பீக்ராஃப்ட் கொசோகோவிடம் ஒப்பந்தம் கேட்டார், கிடைக்கவில்லை. 1851 நவம்பரில் நடந்த முதல் தாக்குதல் தோற்றது. கொசோகோவின் ஆட்கள் கரையில் பீரங்கிகளோடு நன்றாகவே தயாராக இருந்தார்கள். டிசம்பர் 26-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பிளட்ஹவுண்ட், டீசர் ஆகிய நீராவிக் கப்பல்களோடு திரும்ப வந்தார்கள். ஊர் எரிந்தது. கொசோகோ கிழக்கே எப்பேவுக்குத் தப்பினார். 1852 ஜனவரி 1-ஆம் தேதி அகிதோயே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அடிமை ஏற்றுமதி நின்றது. அதே ஒப்பந்தத்தில் தடையற்ற வணிகமும் மிஷனரிகளுக்குப் பாதுகாப்பும் இருந்தன என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இங்கிலாந்தின் லங்காஷயர் துணி ஆலைகளுக்குப் பருத்தி வேண்டும், சோப்புத் தொழிற்சாலைகளுக்குப் பாமாயில் வேண்டும், யொரூபா நாட்டுக்குள் நுழைய ஒரு வாசல் வேண்டும்.

சரி, 1861-ல் லாகோஸைப் பிரிட்டிஷார் வாங்கினார்களா, பிடுங்கினார்களா?

பிடுங்கினார்கள். காகிதத்தில்தான் "விட்டுக்கொடுத்தல்".

அகிதோயே 1853-ல் இறந்தார். மகன் தொசுன்மு ஓபா ஆனார். எட்டு ஆண்டுகள் ஆட்சி செய்தும் ஊரில் பாதி அதிகாரம் பிரிட்டிஷ் தூதரிடம்தான் இருந்தது. 1861 ஆகஸ்டில், காயலுக்குள் பிரொமிதியஸ் என்ற போர்க்கப்பல் நிற்க, தற்காலிகத் தூதர் வில்லியம் மக்காஸ்க்ரி காகிதத்தை நீட்டினார். கையெழுத்துப் போடாவிட்டால் குண்டு விழும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் விழுந்த குண்டுகளை யாரும் மறந்திருக்கவில்லை. ஆகஸ்ட் 6-ஆம் தேதி தொசுன்மு கையெழுத்திட்டார்.

அதற்கு ஈடாக அவருக்கு ஓய்வூதியம்: ஆண்டுக்கு 1,200 மூட்டை சோழி. ஒரு மூட்டையில் 20,000 சோழி.

வெள்ளைத் தொப்பித் தலைவர்கள் உடனே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்களின் வாதம் எளிது: நிலம் எங்களுடையது, ராஜாவுக்குச் சொந்தமில்லாததை ராஜா எப்படிக் கொடுக்க முடியும்? அப்போது யாரும் காது கொடுக்கவில்லை. அறுபது ஆண்டுகள் கழித்து லண்டனில் இதே வாதம் ஜெயித்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

சோழியா பணம்?

ஆமாம், நாம் தாயம் உருட்டும் அதே சோழிதான். மேற்கு ஆப்பிரிக்காவில் நூற்றாண்டுகளாகப் புழங்கிய நல்ல சோழி மாலத்தீவுக் கடலிலிருந்து போனது. ஐரோப்பிய வணிகர்கள் இலங்கையிலும் வங்கத்திலும் அதை வாங்கி, கப்பலின் அடித்தட்டில் பாரமாக ஏற்றிக் கொண்டுபோய், கினிக் கரையில் பணமாக இறக்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹாம்பர்க் நகரத்து ஓஸ்வால்ட் கம்பெனி ஒரு யோசனை செய்தது. சான்சிபார் பக்கம் மலிவாகக் கிடைத்த பெரிய ரகச் சோழியைக் கப்பல் கப்பலாக லாகோஸில் கொண்டுவந்து கொட்டி, பாமாயில் வாங்கியது. லாபம் கொள்ளை. சோழியின் மதிப்பு சரிந்துகொண்டே போனது. நோட்டு அச்சடிக்காமலே பணவீக்கம் எப்படி வரும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

மேடம் தினுபு யார்? அவர் பெயரில் ஏன் சதுக்கம் இருக்கிறது?

அந்தக் காலத்து லாகோஸின் பெரும் வியாபாரி. புகையிலை, உப்பு, துப்பாக்கி, பாமாயில், அடிமைகள் என எல்லாம் விற்றவர். ஓபா அடேலேயை மணந்தவர், அகிதோயேவுக்கும் தொசுன்முவுக்கும் பின்னால் நின்று காய் நகர்த்தியவர். கடன் தொல்லைகளும் பிரிட்டிஷ் தூதர் பெஞ்சமின் கேம்பலோடு மோதலும் முற்றி, 1856-ல் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார். அபெயொகுத்தாவுக்குப் போய் அங்கே இன்னும் பெரிய ஆளானார். மேற்கே இருந்த தஹோமி அரசின் படையெடுப்பை எதிர்க்க ஆயுதம் கொடுத்து, எக்பா மக்களின் இயாலோடே என்ற உயரிய பெண் தலைமைப் பட்டம் பெற்றார். 1887-ல் இறந்தார்.

காலனியத்தை எதிர்த்த வீராங்கனை என்று மட்டும் சொல்வதும், அடிமை வியாபாரி என்று மட்டும் சொல்வதும் இரண்டுமே அரைகுறை. சந்தைப் பெண்கள் லாகோஸ் அரசியலில் ஒரு தனிச் சக்தி. 1940-களில் போர்க்கால உணவு விலைக் கட்டுப்பாட்டை எதிர்த்துச் சந்தைப் பெண்களைத் திரட்டிய அலிமோத்து பெலெவுரா எழுதப் படிக்கத் தெரியாத மீன் வியாபாரி. அவரை எதிர்த்து ஆங்கிலேய அதிகாரிகள் படாத பாடு பட்டார்கள்.

சாரோ, அகுடா என்றால் யார்?

திரும்பி வந்தவர்கள். சாரோ என்பது குரௌதர் போலச் சியரா லியோனில் இறக்கப்பட்டு, ஆங்கிலம் படித்து, கிறிஸ்தவர்களாகத் திரும்பியவர்கள். அகுடா என்பது பிரேசிலிலும் கியூபாவிலும் அடிமைகளாக இருந்து விடுதலை வாங்கித் திரும்பியவர்கள். 1835-ல் பாஹியாவில் முஸ்லிம் அடிமைகள் நடத்திய கலகத்துக்குப் பிறகு அங்கே கெடுபிடி அதிகமாகி, பலர் கப்பல் ஏறினார்கள்.

சாரோக்கள் எழுத்தர், ஆசிரியர், வக்கீல், வியாபாரி என்று போனார்கள். 1859-ல் தொடங்கிய, சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கத்தின் கிராமர் ஸ்கூல் (உயர்நிலைப் பள்ளி) அவர்களுடையது. அதன் முதல் தலைமை ஆசிரியர் தாமஸ் பாபிங்டன் மெக்காலே, குரௌதரின் மருமகன். அகுடாக்கள் கொத்தனார், தச்சர், தையல்காரர். பூவேலைச் சுதையும் வளைந்த ஜன்னல்களும் கொண்ட அவர்களது வீடுகள்தான் லாகோஸ் தீவின் அழகு. கத்தோலிக்கரும் முஸ்லிமும் கலந்தே இருந்தார்கள். ஷிட்டா பே பள்ளிவாசலைக் கட்டிய தலைமைக் கொத்தனார் ஜோவாவ் பாத்திஸ்தா தா கோஸ்தா பிரேசிலிலிருந்து திரும்பியவர். பணம் போட்ட முகமது ஷிட்டா சியரா லியோனில் பிறந்தவர். 1894-ல் அது திறக்கப்பட்டபோது துருக்கிச் சுல்தான் அவருக்கு "பே" பட்டம் அனுப்பினார். ஒரே கட்டடத்தில் இத்தனை ஊர்!

அகுடா குடும்பமான தா ரோச்சாவின் ககாவா தெரு வீட்டுக்குத் "தண்ணீர் வீடு" என்று பெயர். வளாகத்தில் கிணறு வெட்டி ஊருக்கே தண்ணீர் விற்றார்கள். குழாய்த் தண்ணீர் இல்லாத தீவில் அது பெரிய சொத்து.

ரயிலும் துறைமுகமும் எப்போது வந்தன?

1896-ல் வேலை தொடங்கி 1901-ல் இபாதான் வரை ரயில் திறந்தது. அதே ஆண்டு தீவையும் இடோவையும் இணைக்கும் கார்ட்டர் பாலமும் வந்தது. துறைமுகம்தான் தலைவலி. முகத்துவாரத்து மணல்மேட்டைத் தாண்டிப் பெரிய கப்பல் உள்ளே வர முடியாது. வெளியே நின்று சிறு கப்பலில் சரக்கு மாற்ற வேண்டும். 1908 முதல் கடலுக்குள் நீண்ட கல்தடுப்புகள் போட்டு, மணலை வாரி, 1914 வாக்கில் பெருங்கப்பல்கள் உள்ளே வந்தன. 1926-ல் அபாப்பா துறை.

அந்தக் கல்தடுப்புகளுக்கு ஒரு பின்விளைவு. மேற்கிலிருந்து கரையோரமாக நகரும் மணலை அவை தடுத்துவிட்டன. சென்னைத் துறைமுகம் வந்த பிறகு வடசென்னைக் கரைக்கு ஆன கதைதான் இங்கும்: கிழக்குப் பக்கம், விக்டோரியா தீவின் பார் பீச்சைக் கடல் வருடா வருடம் தின்றது.

ஹெர்பர்ட் மெக்காலேயை "தேசியத்தின் தந்தை" என்கிறார்களே, ஏன்?

குரௌதரின் பேரன், மேலே சொன்ன தலைமை ஆசிரியரின் மகன். இங்கிலாந்தின் பிளிமத்தில் சிவில் எஞ்சினியரிங் படித்துவிட்டு அரசு நில அளவையாளராக வேலை பார்த்தார். 1898-ல் வேலையை விட்டார். அரசாங்கம் நிலத்தை எப்படி அளக்கிறது, எப்படி எடுக்கிறது என்று உள்ளிருந்து பார்த்தவர் வெளியே வந்து அதை எதிர்த்து நின்றது காலனி அதிகாரிகளுக்குப் பொறுக்கவில்லை.

அவருடைய பெரிய வெற்றி ஒலுவா வழக்கு. அபாப்பாவில் ஒரு நிலத்தை அரசு எடுத்தது. அது வெள்ளைத் தொப்பித் தலைவர் அமோது திஜானி ஒலுவாவின் குடும்ப நிலம். "1861 ஒப்பந்தத்திலேயே எல்லா நிலமும் அரசுக்கு வந்துவிட்டது, உங்களுக்கு வாடகை வாங்கும் உரிமை மட்டும்தான்" என்பது அரசின் வாதம். ஒலுவாவும் மெக்காலேயும் 1920-ல் லண்டனுக்குப் போனார்கள். ஓபாவின் செங்கோலை மெக்காலே கையில் எடுத்துக்கொண்டு போனார், லண்டன் பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. 1921-ல் பிரிவி கவுன்சில் (காலனிகளின் மேல்முறையீடுகளை விசாரித்த லண்டன் நீதிமன்றம்) தீர்ப்பு: ஆட்சி கைமாறியதால் மக்களின் நில உரிமை அழிந்துவிடாது, முழு இழப்பீடு கொடுக்க வேண்டும். பூர்வகுடி நில உரிமை வழக்குகளில் கனடா முதல் ஆஸ்திரேலியா வரை இந்தத் தீர்ப்பை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

அரசு கோபத்தை, அந்தச் செங்கோலுக்கு உரியவரான ஓபா எஷுக்பாயி மேல் காட்டியது. 1925-ல் அவரைப் பதவி நீக்கி ஓயோவுக்கு நாடு கடத்தியது. அந்த வழக்கும் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1931-ல் நீதிபதி ஆட்கின் பிரபு, சட்டப்படி செல்லும் என்று நீதிமன்றத்தில் காட்ட முடியாமல் நிர்வாகம் எவருடைய உடல் மேலும் உடைமை மேலும் கைவைக்க முடியாது என்றார். ஓபா ஊர் திரும்பினார். நெருக்கடிநிலை காலத்தில், 1976-ல், நம் உச்ச நீதிமன்றத்தில் நடந்த ஆட்கொணர்வு வழக்கிலும் இந்த லாகோஸ் வழக்கு அலசப்பட்டது. அங்கே அது தோற்ற பக்கத்துக்கு உதவியது, ஆனால் காப்பாற்றவில்லை.

இதற்கிடையில் 1923-ல் மெக்காலே நைஜீரிய தேசிய ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார். லாகோஸின் மூன்று சட்டசபை இடங்களையும் கட்சி வென்றது. அவரால் போட்டியிட முடியவில்லை, முன்பு சிறை சென்றவர் என்பதால். ஓட்டுரிமை ஆண்டுக்கு நூறு பவுண்டு வருமானம் உள்ள ஆண்களுக்கு மட்டும். தேசியத் தந்தை என்பதைவிட லாகோஸின் தந்தை என்று சொன்னால் பொருத்தம். அவருடைய அரசியல் கடைசி வரை இந்தத் தீவைச் சுற்றியே இருந்தது.

ஊரை இடித்துக் கட்டும் பழக்கம் எப்போது தொடங்கியது?

1924-ல் பிளேக் வந்தது, சில ஆண்டுகள் நீடித்தது. 1928-ல் லாகோஸ் நிர்வாக மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது. நெருக்கமான குடியிருப்புகளை அகற்றுவது அதன் வேலை. அதே காலத்தில் வெள்ளையர்களுக்கு இகோயியில் விசாலமான பங்களாக்கள் எழுந்தன. 1955-ல் சுதந்திரத்துக்கு முன் தலைநகரை அழகுபடுத்தும் வேகத்தில், தீவின் நடுவே சுமார் 70 ஏக்கர் குடியிருப்பை இடிக்கும் திட்டம் வந்தது. மக்களை மெயின்லேண்டில் சுருலேரேக்கு அனுப்பினார்கள். வீடு நன்றாக இருந்தது, பிழைப்பு இல்லை. கடைத்தெருவில் கூட்டுக்குடும்பமாக வாழ்ந்து வியாபாரம் செய்தவர்களுக்கு, வாடிக்கையாளர் இல்லாத தொலைவில் ஒரு புது வீடு எதற்கு?

எண்ணெய்ப் பணம் வந்தபோது லாகோஸ் என்ன ஆனது?

1960 அக்டோபர் 1-ஆம் தேதி பழைய குதிரைப்பந்தய மைதானத்தில் சுதந்திரக் கொடி ஏறியது. 1967-ல் லாகோஸ் மாநிலம் உருவானது. உள்நாட்டுப் போர் 1970-ல் முடிந்து, எண்ணெய் விலை ஏறியதும் கூத்து ஆரம்பித்தது.

1975-ல் ராணுவ அரசு சுமார் 2 கோடி டன் சிமென்ட் வாங்க ஒப்பந்தம் போட்டது. துறைமுகத்தால் ஆண்டுக்கு அதில் மிகச் சிறிய பங்கைத்தான் இறக்க முடியும். நூற்றுக்கணக்கான கப்பல்கள் வெளியே கடலில் வரிசையில் நின்றன. காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அரசு தாமதக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதால், அதற்காகவே ஓட்டைக் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தியவர்களும் உண்டு. ஈரக்காற்றில் சிமென்ட் கப்பலிலேயே கல்லாகியது.

1977-ல் ஃபெஸ்டாக் என்ற உலகக் கறுப்பினக் கலைவிழா. இகான்முவில் தேசிய அரங்கம், விருந்தினர்களுக்காக ஒரு முழுக் குடியிருப்பு நகர். விழா முடிந்து ஒரு வாரத்துக்குள், பிப்ரவரி 18-ஆம் தேதி, ராணுவத்தைக் கிண்டலடித்துப் பாடிய ஃபேலா குட்டியின் வீட்டைப் படைவீரர்கள் எரித்தார்கள். அவருடைய தாயார், பெண்ணுரிமைப் போராளி ஃபுன்மிலாயோ ரான்சம் குட்டியை ஜன்னல் வழியாக எறிந்தார்கள். அடுத்த ஆண்டு அவர் இறந்தார்.

மக்கள்தொகை உண்மையில் எவ்வளவு?

1871-ல் சுமார் 28,500. 1901-ல் சுமார் 42,000. 1931-ல் 1,26,000. 1963-ல் நகர எல்லைக்குள் 6.65 லட்சம். அதற்குப் பிறகு கணக்கே அரசியல். 2006 கணக்கெடுப்பில் லாகோஸ் மாநிலத்துக்கு 91 லட்சம் என்றது மத்திய அரசு. இல்லை, 1.75 கோடி என்றது மாநில அரசு. தலை எண்ணிக்கைப்படிதான் நிதியும் தொகுதியும் பிரியும் என்பதால் இரண்டு பேரையும் முழுதாக நம்ப வேண்டியதில்லை.

தலைநகரை ஏன் மாற்றினார்கள்?

நெரிசல், இடமின்மை, அப்புறம் யொரூபா பகுதியின் ஓரத்தில் தலைநகர் இருப்பது மற்ற இனங்களுக்கு உறுத்தியது. 1976-ல் ராணுவ ஆட்சியாளர் முர்தாலா முகமதுவின் அரசு நாட்டின் நடுவே உள்ள அபுஜாவைத் தேர்ந்தெடுத்தது. அறிவித்த சில நாட்களில், பிப்ரவரி 13-ஆம் தேதி, லாகோஸின் காலை நெரிசலில் கார் நின்றபோது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதிகாரப்பூர்வமாகத் தலைநகர் மாறியது 1991 டிசம்பர் 12-ஆம் தேதி. அரசு போனது, பணம் போகவில்லை. வங்கி, துறைமுகம், சினிமா எல்லாம் லாகோஸிலேயே தங்கிவிட்டன.

மரோகோ, மகோகோ, எக்கோ அட்லாண்டிக்: இவற்றுக்குள் என்ன தொடர்பு?

மரோகோ விக்டோரியா தீவை ஒட்டிய ஏழைக் குடியிருப்பு. 1990 ஜூலையில் ராணுவ ஆளுநர் ராஜி ரசாக்கியின் உத்தரவில் புல்டோசர் வந்தது. சுமார் 3 லட்சம் பேர் வீடிழந்தார்கள். தாழ்வான நிலம், வெள்ளம் வரும், சுகாதாரம் இல்லை என்று காரணம் சொன்னார்கள். பிறகு அதே நிலத்தில் பணக்காரக் குடியிருப்புகள் எழுந்தன. வெள்ள அபாயம் வாடகைக்குத் தகுந்த மாதிரி மாறும் போலிருக்கிறது.

மகோகோ காயலின் மேல் கால்நட்டு நிற்கும் மீனவர் ஊர். பெரும்பாலோர் எகுன் மக்கள், பதாக்ரியிலிருந்தும் பெனின் குடியரசிலிருந்தும் வந்தவர்கள். 2012-ல் அதன் ஒரு பகுதியை இடித்தார்கள். அங்கே 2013-ல் கட்டிய மிதக்கும் பள்ளி உலகப் புகழ் பெற்று, 2016-ல் புயல் மழையில் சரிந்தது.

எக்கோ அட்லாண்டிக் என்பது பார் பீச்சுக்கு முன்னால் கடலைத் தூர்த்து உருவாக்கும் சுமார் 10 சதுர கிலோமீட்டர் தனியார் நகரம். கல்தடுப்பால் கடல் தின்ற கரையை மீட்கிறோம் என்கிறார்கள். முன்பு யார் வேண்டுமானாலும் கடலோரம் காற்று வாங்கப் போன இடம் இப்போது காவலாளி நிற்கும் வாசலுக்குப் பின்னால்.

மெட்ரோ ரயில் இவ்வளவு தாமதமாக வந்தது ஏன்?

ஆளுநர் லத்தீஃப் ஜக்காண்டே 1980-களின் தொடக்கத்திலேயே மெட்ரோவுக்கு ஒப்பந்தம் போட்டார். 1983 கடைசியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1985-ல் புஹாரியின் ராணுவ அரசு திட்டத்தை ரத்து செய்தது, நஷ்டஈடு கட்டி. 2023 செப்டம்பரில்தான் நீலப் பாதையில் பயணிகள் ஏறினார்கள், அப்போது புஹாரி தேர்தலில் வென்ற அதிபராக எட்டு ஆண்டு முடித்து இறங்கியிருந்தார். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளும் மஞ்சள் நிற டன்ஃபோ வேன்களும் மோட்டார் சைக்கிள் டாக்சிகளும்தான். 1990-களின் கடைசியில் ராணுவ ஆளுநர் புபா மார்வா நம்மூர் ஆட்டோவை இறக்கினார். அதனால் அதற்கு "கேகே மார்வா" என்று பெயர். ஓடுபவை பெரும்பாலும் பஜாஜ், டிவிஎஸ்.

இப்போது போனால் பழைய லாகோஸில் என்ன மிச்சம் இருக்கிறது?

தீவில் ஷிட்டா பே பள்ளிவாசல் இருக்கிறது. இகா இடுங்கான்ரான் இன்றும் ஓபாவின் அரண்மனை. பிராட் தெருவில் காலனிக்காலச் சிறை இருந்த இடம் ஃப்ரீடம் பார்க் என்ற பூங்காவாகிவிட்டது. மாலையில் இசைக்கச்சேரி நடக்கும். ஒனிகானில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் முர்தாலா முகமது கொல்லப்பட்ட கார் குண்டுத் துளைகளோடு நிற்கிறது. பழைய புகைப்படங்களைப் பார்த்துவிட்டுத் தினுபு சதுக்கத்தில் இலோஜோ பாரைத் தேட வேண்டாம். 1855-ல் கட்டிய அந்த பிரேசில் பாணி வீட்டை 1956-ல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். 2016 செப்டம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடித்துத் தள்ளிவிட்டார்கள்.